மரத்த விரலும் மல்லிகை நாரும்: கீமோவுக்குப் பிந்தைய நரம்புப் பாதிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. மதுரை திருநகரில் இருக்கும் என் பிசியோதெரபி அறைக்குள் ஒரு அம்மா ஒற்றைச் செருப்போடு நுழைந்தார். வலது காலில் ரப்பர் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். "இன்னொண்ணு எங்கம்மா?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கும்போது கழன்றிருக்க வேண்டும். கூட வந்த மருமகள், "இது மூணாவது ஜோடிக்கா. கழண்டு விழுந்தாலும் அத்தைக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார்.

சோதனை எதையும் தொடங்கும் முன்பே பாதி விவரம் கிடைத்துவிட்டது. செருப்பு காலில் நிற்க வேண்டுமானால் பெருவிரலும் அடுத்த விரலும் வாரைக் கவ்வ வேண்டும். கவ்வும் தசைக்குப் பலம் இருந்தால் மட்டும் போதாது. வார் இங்கே இருக்கிறது என்று விரல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செய்தி வருவது நின்றுவிட்டால் செருப்பு பாட்டுக்கு நழுவிப் போகும்.

இவரைப் பூக்காரம்மா என்றே இங்கே சொல்கிறேன். அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கீமோவில் கெட்ட நரம்புக்குப் பிடித்துவிட்டால் குணம் தெரியுமா என்று என்னிடம் கேட்காத மாதம் கிடையாது. ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஒருவரை ஆறு மாதம் அளந்து பார்த்ததில் எது மாறியது, எது அசையவே இல்லை, மாறியதில் என் கைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

நோய் வந்த வழி

வயது 54. திருப்பரங்குன்றத்தில் கோயிலுக்குப் போகும் தெருவில் 30 வருடத்துக்கு மேலாகப் பூ வியாபாரம். விடிவதற்கு முன் மகன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருந்து மல்லி மொட்டு எடுத்து வருவார். இவர் உட்கார்ந்து கட்டுவார். சர்க்கரை கிடையாது, பிரஷருக்கு ஒரு மாத்திரை. போன வருடம் மலத்தில் ரத்தம் போனபோது மூலம் என்று நினைத்துச் சில மாதம் கைவைத்தியம் பார்த்திருக்கிறார். அப்புறம் கொலோனோஸ்கோப்பி, பெருங்குடலின் கடைசி வளைவில் கட்டி, ஆனி மாதம் ஆபரேஷன். நிணநீர்க் கணுக்களிலும் நோய் இருந்ததால் மூன்றாம் நிலை என்று சொல்லி, கேபாக்ஸ் என்ற கீமோவை எட்டுச் சுற்றுக்குத் திட்டமிட்டார்கள். 21 நாளுக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் டிரிப், அதோடு 14 நாள் கேப்சிடபின் மாத்திரை.

இரண்டாவது டிரிப் முடிந்த மறுநாள் பேரன் ஆசையாக ஜிகர்தண்டா வாங்கி வந்திருக்கிறான். ஒரு வாய் விழுங்கியதும் தொண்டையை யாரோ நெரிப்பதுபோல இருந்ததாம். மூச்சு நின்றேவிட்டது என்று வீடே பதறியிருக்கிறது. உண்மையில் மூச்சுக்குழாய் அடைபடவில்லை. ஆக்சாலிபிளாட்டின் ஏறிய சில நாளுக்கு உணர்வு நரம்புகள் குளிர்ச்சி பட்டால் தாறுமாறாகத் துள்ளும். மருந்து உடம்பில் உடையும்போது வரும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் நரம்பின் சோடியம் வாயில்கள் ஒழுங்காக மூடுவதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஃப்ரிட்ஜ் கைப்பிடி, பானைத் தண்ணீர், பூக்கூடை மேல் போர்த்திய ஈரத்துணி, எதைத் தொட்டாலும் கரன்ட் அடித்திருக்கிறது. "முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன் தாயி" என்றார். அதுவும் நியாயம்தான். சித்திரை வெயிலில் ஆரம்பித்து வருடம் முழுக்க ஜிகர்தண்டா குடிக்கிற ஊரில், இந்த மருந்து போடுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது.

இந்தக் குளிர்க்கூச்சம் ஒவ்வொரு முறையும் சில நாளில் அடங்கியது. நாலாவது சுற்றுக்குப் பிறகு அடங்காத ஒன்று தொடங்கியது: கால் விரல் நுனிகளில் மதமதப்பு. பிறகு உள்ளங்கால் முழுக்க, அப்புறம் கைவிரல் நுனி. ஆறாவது சுற்றோடு புற்றுநோய் மருத்துவர் ஆக்சாலிபிளாட்டினை நிறுத்திவிட்டு, மாத்திரையை மட்டும் மிச்சச் சுற்றுகளுக்குக் கொடுத்தார். அதுவரை ஏறிய மொத்த அளவு, உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 780 மில்லிகிராம். 780, 850 என்று போகும்போதுதான் கடுமையான பாதிப்பு தலைதூக்கும் என்பது இந்த மருந்தைக் கையாள்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு. நிறுத்தியது நல்ல முடிவு. 2018இல் வெளிவந்த, ஐடியா என்று பெயர் வைத்த ஆய்வில் கேபாக்ஸை ஆறு மாதம் எடுத்தவர்களில் 44.9 சதவீதம் பேருக்கு நடுத்தரமோ அதற்கு மேலோ நரம்புப் பாதிப்பு. மூன்று மாதம் எடுத்தவர்களில் 14.2 சதவீதம். அதன் பிறகு, ஆபத்து குறைவான மூன்றாம் நிலைக்காரர்களுக்குச் சுற்றுகளைக் குறைப்பது வழக்கத்துக்கு வந்திருக்கிறது.

மருந்தை நிறுத்தினால் தொல்லையும் நிற்க வேண்டும் இல்லையா? இங்கே அப்படி நடக்காது. ஐப்பசியில் கடைசி டிரிப். கார்த்திகையிலும் மார்கழியிலும் முன்பைவிட மோசம். ராத்திரி காலில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிச்சல். நோய்தான் திரும்பி நரம்பில் ஏறிவிட்டது என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். யாரிடமும் கேட்கவும் பயம். பிளாட்டினம் மருந்துகளின் குணமே இதுதான். உணர்வு நரம்புகளின் செல்கள் முதுகெலும்பை ஒட்டிய முடிச்சுகளில் குடியிருக்கின்றன. உடம்பின் மற்ற நரம்புகளுக்கு இருப்பதுபோல ரத்தத்தில் இருந்து பாதுகாக்கும் தடுப்பு அங்கே பலமாக இல்லை. பிளாட்டினம் அங்கே போய்த் தங்குகிறது; டிரிப் நின்ற பிறகும் இரண்டு மூன்று மாதம், சிலருக்கு இன்னும் கூடுதலாக, சேதம் ஏறித்தான் பிறகு இறங்கும். நீளமான நரம்பு முதலில் அடிவாங்கும் என்பதால் கால் விரலில் தொடங்குகிறது. முதல் நாள் நான் வேறு எதுவும் செய்யாமல் இதைத்தான் கால் மணி நேரம் படம் போட்டுச் சொன்னேன். மருமகள் அங்கேயே அழுதுவிட்டார். "அப்ப திரும்பி வரலையாக்கா?" வரவில்லை, அதற்குப் பார்த்த ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அவர்கள் கொண்டுவந்த பைக்குள்ளேயே இருந்தன, யாரும் பிரித்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பார்த்ததும் அளந்ததும்

இடது உள்ளங்காலில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் புதுத்தோல். "வெந்நீர்ல உப்புப் போட்டு வச்சா நரம்பு இளகும்னாங்க" என்றார். எந்த அளவு சூடு என்று அந்தக் காலுக்கு எப்படித் தெரியும்? கொப்புளம் உடைந்து செருப்பில் ஒட்டிய பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். நல்லவேளையாக ஆறியிருந்தது.

10 கிராம் மோனோஃபிலமென்ட் என்பது நைலான் இழை பொருத்திய ஒரு குச்சி. தோலில் வைத்து இழை வளையும் வரை அழுத்தினால் 10 கிராம் அழுத்தம். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு பாதத்திலும் 10 இடத்தில் தொட்டேன். வலதில் 3, இடதில் 4 இடம் மட்டும் தெரிந்தது. நான் தொடாதபோதே இரண்டு தடவை "ம், இப்ப" என்றார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்தால் அதிர்வே தெரியவில்லை. கணுக்காலில் லேசாகத் தெரிந்தது. குதிகாலுக்கு மேல் சுத்தியலால் தட்டினால் பாதம் தானாகத் துள்ள வேண்டும், அந்தத் துள்ளல் இரண்டு பக்கமும் இல்லை. தசை பலம் முழுசாக இருந்தது, இது உணர்வு நரம்பை மட்டும் தாக்கும் மருந்து என்பதற்குப் பொருந்துகிறது. கண்ணைத் திறந்து நிற்கிறார். மூடினால் ஐந்து வினாடியில் சாய்கிறார். முகம் கழுவும்போது கண்ணில் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்க முடியாமல் ஒருமுறை பாத்ரூமில் விழுந்ததும் இதனால்தான். ஒற்றைக் காலில் 2 வினாடி. ராத்திரி எரிச்சல் 10க்கு 7. ஒரு ராத்திரியில் நாலு தடவை விழிப்பு.

கைக்கு வேறொரு சோதனை வைத்தேன். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது: ஒரு முழம் மல்லி கட்டச் சொன்னேன். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் கூடும்படி வைத்து, நனைத்த வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணிக்குள் விட்டு இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் தொழில் இருக்கிறது. கூடினால் காம்பு அறுந்து மொட்டு தெறிக்கும், குறைந்தால் தலையில் வைத்த அரை மணியில் பூ உதிரும். எவ்வளவு இழுக்கிறோம் என்பது கட்டை விரல் நுனிக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் மட்டும்தான் தெரியும். நோய்க்கு முன்னால் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு கட்டியவர். அன்றைக்கு ஒவ்வொரு கண்ணியையும் மூக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். ஒரு முழத்துக்கு 21 நிமிடம். 14 காம்பு அறுந்தது. பக்கத்தில் மருமகள் அதையே 5 நிமிடத்தில் முடித்தார். பூக்காரம்மா முடித்ததைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை நான் யாருக்கும் விக்க மாட்டேன்" என்று கூடையின் ஓரமாக வைத்தார்.

பிடித்துவிடும் முன் விலக்க வேண்டியவற்றை விலக்கினேன். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 1,80,000, பயமில்லை. எலும்பில் நோய் பரவல் இல்லை. காய்ச்சல், புண் இல்லை. கேப்சிடபின் கொண்டுவரும் கை கால் தோல் உரிவு இருந்தால் தேய்ப்பே கூடாது. மாத்திரை முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆனதால் தோல் கறுத்திருந்ததே தவிர உரிவு இல்லை. பி12 கீழ் வரம்பை ஒட்டி இருந்ததால் மருத்துவர் அதே வாரம் ஊசி தொடங்கினார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்குப் பார்க்கும்போது இடிக்கும்.

மாத்திரைப் பக்கம் கைவசம் உள்ளது கொஞ்சம்தான். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், வலியோடு கூடிய இந்தப் பாதிப்புக்கு டுலாக்செட்டின் ஒன்றைத்தான் பரிந்துரைக்கிறது. இவருக்கும் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். குமட்டலும் தலைச்சுற்றலும் தாங்காமல் பத்தே நாளில் மருத்துவரே நிறுத்திவிட்டார். மெடிக்கலில் கேட்டு வாங்கிய 'நரம்பு மாத்திரை' அட்டை ஒன்றும் பையில் இருந்தது, அதில் அசிடைல் எல் கார்னிட்டின். டாக்சேன் வகைக் கீமோ எடுத்த 409 பெண்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு கூடத்தான் செய்தது. மருத்துவரிடம் காட்டிவிட்டு நிறுத்தச் சொன்னேன்.

செய்தது

வாரம் மூன்று நாள், 40 நிமிடம், நாலு வாரம் என்று வைத்துக்கொண்டேன். இந்தக் கணக்கு என் கற்பனை இல்லை. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தார் 71 பேருக்கு நீவிவிட்டு 2022இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வில், வாரம் இரண்டு முறை ஆறு வாரம் என்பதைவிட வாரம் மூன்று முறை நாலு வாரம் என்பதில் பலன் நன்றாக நின்றது.

வயிற்றுத் தழும்பு இருப்பதால் குப்புறப் படுக்க வைக்கவில்லை. சாய்வாக உட்கார வைத்து, முட்டிக்கு அடியில் தலையணை. நல்லெண்ணெய், சூடு பண்ணாமல். முதலில் ஐந்து நிமிடம் பார்வை மட்டும்: விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, கண்ணாடி பிடித்து உள்ளங்கால். பிறகு கெண்டைக்கால் இரண்டையும் டேப்பால் அளப்பது. அதன் பிறகே எண்ணெய்.

சித்த மருத்துவம் தொக்கணத்தை, அதாவது உடம்பு பிடித்துவிடும் முறையை, ஒன்பது வகையாகப் பிரிக்கிறது. அதில் தட்டல், முறுக்கல், இழுத்தல் மூன்றையும் இந்தக் காலுக்கு ஆகாது என்று ஒதுக்கினேன். எடுத்துக்கொண்டது பிடித்தலும் மென்மையான அழுத்தலும், அதோடு வீட்டில் எல்லோரும் செய்யும் நீவுதலும். கணுக்காலில் இருந்து முட்டி வரை சுமார் 35 சென்டிமீட்டர். ஒரு நீவலுக்கு 10 வினாடி எடுத்துக்கொண்டேன். மெதுவான வருடலுக்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன, வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால்தான் அவை நன்றாகத் தூண்டப்படும். அவை ரோமமுள்ள தோலில்தான் நிறைய, உள்ளங்காலில் இல்லை. அதனால் நேரத்தில் பாதியை மதமதப்பு ஏறாத கெண்டைக்காலுக்கும் புறங்காலுக்கும் கொடுத்தேன். மீதி நேரம் பாத எலும்புகளுக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தி விடுவது, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகப் பிடிப்பது, பிறகு கைகளுக்கு அதே மாதிரி. மெல்லிய அழுத்தத்தைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள், வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளின் செய்தியை முதுகுத்தண்டிலேயே மட்டுப்படுத்தும் என்று மெல்சாக்கும் வாலும் 1965இல் முன்வைத்த வாயில் கோட்பாடு சொல்கிறது. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துக்கொள்வதும் அதைத்தான் செய்கிறது.

கடைசிப் பத்து நிமிடம் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு கேழ்வரகையும் கடுகையும் விரலால் பிரிப்பது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது.

இரண்டாவது நாளே நான் தப்புப் பண்ணினேன். "ஒண்ணுமே தெரியல தாயி, நல்லா அழுத்திப் பிடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் அவர் திருப்தியாகப் போகட்டும் என்று ஒரு நினைப்பு. அழுத்தினேன். அன்றைக்கு ராத்திரி எரிச்சல் 9க்கு ஏறி, விடிய விடிய ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் மருமகள் போனில் கோபப்படக்கூட இல்லை, "அடுத்த தடவை வரணுமாக்கா?" என்று மட்டும் கேட்டார். மரத்த காலுக்கு வலிக்காது என்பது தவறு. தொடுவதைச் சொல்லும் இழை ஓய்ந்திருக்கும்போது வலியைச் சொல்லும் இழை கூடுதலாகக் கத்தும். மரத்தவரிடம் "அழுத்தம் போதுமா?" என்று கேட்டதே என் பிழை. அதன் பிறகு அளவை என் கையில் வைத்துக்கொண்டேன்: சப்பாத்தி மாவில் விரல் தடம் லேசாகப் பதியும் அளவு, அதற்கு மேல் கெஞ்சினாலும் இல்லை.

மூன்றாவது வாரம் டேப் வைத்தபோது வலது கெண்டைக்கால் இடதைவிட மூன்றரை சென்டிமீட்டர் பெரிது. வலி இல்லை. வலி இல்லை என்று இவர் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதுதான் சங்கடம். புற்றுநோய் வந்தவர்களுக்கு ஆழ்நாளத்தில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். உறைந்திருக்கும் காலை உருவிவிட்டால் ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். எண்ணெயைத் தொடாமல் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பினேன். உறைவு இல்லை. முந்தின நாள் முகூர்த்தத்துக்காகக் காலைத் தொங்கப்போட்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததன் வீக்கம் என்று தெரிந்தது. அந்த வாரம் முழுக்க நீவல் இல்லை. பிடித்துவிடுகிறவர்கள் டேப் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பத்து ரூபாய்தான்.

பங்குனிப் பௌர்ணமி

திருப்பரங்குன்றத்துக்காரரிடம் கிரிவலம் போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். "ஆபரேஷனுக்கு முன்னாடி வேண்டிக்கிட்டது" என்றார், பேச்சு அங்கே முடிந்தது. செருப்புப் போடவும் மாட்டார். கடைசியில் தடித்த காட்டன் சாக்ஸுக்குச் சம்மதித்தார். முருகன் அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நானே பொறுப்பேற்றுக்கொண்டேன்.

நாலாவது வாரத்தில் இருந்தே மருமகளுக்கு நீவச் சொல்லிக்கொடுத்திருந்தேன். முதலில் கண்ணாடி, பிறகு எண்ணெய் என்ற வரிசையையும் சேர்த்து. அன்று ராத்திரி பத்தரை மணிக்குத் திரும்பி வந்ததும், தூங்கப் போகும் முன் செல்போன் டார்ச்சை அடித்துப் பாதத்தைப் பார்த்திருக்கிறார். வலது குதிகாலில் சாக்ஸைத் துளைத்துக்கொண்டு நெருஞ்சி முள், முழுசாக உள்ளே. எவ்வளவு தூரம் அதோடு நடந்தார் என்று யாருக்கும் தெரியாது. பூக்காரம்மாவுக்குச் சாக்ஸில் ரத்தத்தைக் காட்டிய பிறகுதான் தெரியும். முள்ளை எடுத்து, சுத்தம் செய்து, காலையில் டிடி ஊசி. ஐந்து நாளில் ஆறிவிட்டது.

இந்த முழுக் கதையிலும் எது உருப்படியான பலன் என்று என்னைக் கேட்டால் அந்த ராத்திரியைத்தான் சொல்வேன். வெந்நீர்க் கொப்புளத்தை யாரும் பார்க்காமல் விட்ட அதே வீடு இது. தினமும் ஒருவர் காலைக் கையில் எடுக்கிறார் என்பதால்தான் முள் கண்ணில் பட்டது.

கணக்கு

ஒரு வாரம் விட்டுப்போனதையும் சேர்த்து ஐந்தாவது வார முடிவில் 12 அமர்வு முடிந்திருந்தது. எரிச்சல் 7இல் இருந்து 3. ராத்திரி விழிப்பு நாலில் இருந்து ஒன்று. ஒற்றைக் காலில் 9 வினாடி. ஒரு முழம் மல்லி 11 நிமிடம், அறுந்த காம்பு 5. ஆனால் மோனோஃபிலமென்ட் வலதில் 4, இடதில் 4. இசைக்கவை, பெருவிரலில் அப்போதும் ஒன்றுமில்லை. சோதனைக் கருவியைக் கேட்டால் நரம்பு ஏறக்குறைய பழைய இடத்தில்தான் இருக்கிறது. ஆளைக் கேட்டால் தூங்குகிறார், கடைக்குப் போகிறார்.

இரண்டுமே உண்மை என்று எடுத்துக்கொள்கிறேன். நீவியதால் ஐந்து வாரத்தில் நரம்பு முளைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடிபட்ட நரம்பு மீண்டும் வளர்ந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குத்தான், இங்கேயோ அடிபட்டது செல்லின் வீடு. மாறியது எரிச்சலும், பயமும், இருக்கிற கொஞ்ச உணர்வை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் சாமர்த்தியமும்.

அதிலும் முழுப் பெருமையை என் கைக்கு எழுத முடியாது. என்னிடம் வந்தது கடைசி டிரிப்புக்கு நாலு மாதம் கழித்து. ஏறும் கட்டம் முடிந்து தானாகவே இறங்கத் தொடங்கும் நேரம் அது. கீமோ முடித்தவர்களில் இந்தப் பாதிப்பு முதல் மாதத்தில் 68 சதவீதம் பேருக்கும், ஆறு மாதத்துக்குப் பிறகு 30 சதவீதம் பேருக்கும் இருப்பதாக 31 ஆய்வுகளைத் தொகுத்த 2014 அறிக்கை சொல்கிறது. பலருக்கு ஒன்றும் செய்யாமலே குறைகிறது. பி12 ஊசி வேறு ஓடிக்கொண்டிருந்தது. கேழ்வரகும் கடுகும் பிரித்தது, ஒற்றைக் காலில் நின்றது, இவற்றின் பங்கு நீவலைவிடக் கூடுதலாகக்கூட இருக்கலாம். ஆக்சாலிபிளாட்டின் அல்லது வின்கா வகை மருந்து எடுத்த 158 பேரிடம் ஜெர்மனியில் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், கீமோவோடு சேர்த்து இத்தகைய சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு மட்டுமே பாதிப்பு வந்தது, எதுவும் செய்யாதவர்களில் 70.6 சதவீதம். வின்கா என்றதும் நினைவுக்கு வருகிறது, அந்த மருந்துகளில் ஒன்றான வின்கிரிஸ்டின் நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியில் இருந்து வருவது. அதுவும் நரம்பைக் கெடுக்கும் பூதான்.

நீவலுக்கென்று உள்ள ஆதாரம் இன்னும் மெலிதானது. துருக்கியில் பேக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்து எடுத்த மார்பகப் புற்றுநோயாளிகளிடம் 2019இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், கீமோ நடக்கும்போதே நீவிவிடப்பட்டவர்களுக்குப் பன்னிரண்டாவது வாரத்தில் நரம்பு வலி குறைவாக இருந்தது. ஆளும் மருந்தும் வேறு, அதை அப்படியே இவருக்குப் பொருத்த முடியாது. எதிர்காலத்தில் ஆக்சாலிபிளாட்டின் தொடங்கும் அன்றைக்கே ஒருவர் என்னிடம் வந்தால் பயிற்சியை முதலிலும் நீவலை அடுத்தும் வைப்பேன். பூக்காரம்மாவிடம் நான் செய்த வரிசை தலைகீழ்.

ஊருக்குள் இருப்பவர்கள் இதற்காக வாரம் மூன்று நாள் பஸ் ஏற வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். கால் மரத்திருப்பதைச் சொல்லி, பாதத்தைக் காட்டிக் கேளுங்கள்.

ஆறாம் மாதம்

ஆடிக் கடைசியில் வந்தார். பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு, இரண்டு காலிலும். மோனோஃபிலமென்ட் 6, 6. இசைக்கவை பெருவிரலில் நாலு வினாடி தெரிந்தது. தெரிந்ததும் அவரே சிரித்துவிட்டார், "வண்டு மாதிரி இருக்கு" என்றார். எரிச்சல் 2, மழை நாளில் 4. ஒரு முழம் 7 நிமிடம். இப்போது மூக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பதில்லை, மடியில் வைத்துக் கட்டுகிறார், கண் மட்டும் அடிக்கடி கீழே போய் வருகிறது. சுருக்குப் பைக்குள் கையை விட்டு ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று இன்னும் தெரியவில்லை, வெளியே எடுத்துத்தான் பார்க்கிறார். இடது பெருவிரல் நுனியில் இழையை வளையும் வரை வைத்து எடுத்த பிறகு, "இன்னும் தொடலையா தாயி?" என்று கேட்டார்.

அடுத்து ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, ஆவணி பிறந்தால் முகூர்த்தம், அந்த வாரங்களில் வர முடியாது, புரட்டாசியில் வருகிறேன் என்றார். புரட்டாசி என்றே நோட்டில் எழுதிக்கொண்டேன்.